வன்னிக்கு முதலில் மாணவர் வரட்டும்

பாம்பு கடித்து வருபவரின் கையிலிருந்து இரண்டு மில்லிலீற்றர் அளவில் இரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் விடுகிறார்கள். குழாயை ஆட்டக்கூடாது, கையில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது. மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு, சரியாக இருபது நிமிடம் கழித்து ஒரேயொரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறைந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீர் மாதிரி வழிந்தால் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்துவிட்டது என்று பொருள். விஷமுறிப்பு மருந்தை ஏற்றத் தொடங்க வேண்டும்.

மின்சாரமோ இயந்திரமோ தேவைப்படாத இந்தச் சோதனை, வயலும் காடும் ஒட்டிக் கிடக்கும் வன்னிக்கென்றே செய்தது போல இருக்கும். காலபோக விதைப்பிலிருந்து அறுவடை வரைக்கும், இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கப் போகிறவர்களின் காலில் புடையன் கொத்துவது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புதினமல்ல. புத்தகங்களில் கண்ணாடி விரியன் என்று இருக்கும் பாம்புதான் இது. நள்ளிரவில் அப்படி ஒருவர் விடுதிக்கு வந்தால் குழாயும் மணிக்கூடுமாக நிற்பவர் பெரும்பாலும் உள்ளகப் பயிற்சி வைத்தியர், விடுதிப் பேச்சில் எச்.ஓ. நேற்றுவரை மாணவராக இருந்தவர்.

சோதனை எளிது என்பதால் யார் செய்தாலும் ஒரே விடைதான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. இலங்கை வைத்தியசாலைகளில் செய்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், விடுதிகளின் வழமையான பரபரப்புக்குள் செய்யப்பட்ட இந்தச் சோதனை, இரத்தம் உறையாத நிலையில் இருந்த புடையன் கடி நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரைத் தவறவிட்டிருந்தது. 2017இல் அனுராதபுரத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. அங்கே பயிற்சி பெற்றவர்கள், முறைப்படி, ஒழுங்கான குழாயில் செய்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேரைச் சரியாக இனங்கண்டது அதே சோதனை. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயில் இரத்தம் உறையாமலே நிற்கக்கூடும். பத்தாவது நிமிடத்தில் பொறுமை கெட்டு ஆட்டிப் பார்த்தால் விடை குழம்பும். வேலை கூடிய இரவில் குழாயை மேசையில் வைத்துவிட்டு மறந்து போவதும் நடக்கும். இதெல்லாம் விரிவுரை மண்டபத்தில் ஏறாத பாடம். ஒரு தடவை அனுபவமுள்ள தாதியோ மூத்த டொக்டரோ பக்கத்தில் நின்று காட்டினால் ஆயுளுக்கும் மறக்காத பாடம்.

வன்னியின் சுகாதாரம் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது. டொக்டர் இல்லை, நிபுணர் இல்லை, வந்தவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாவட்ட அபிவிருத்திக் கூட்டங்களில் கேட்பது இது, பத்திரிகைகளில் வருவதும் இது. மனு எழுதுகிறவர்களும் டொக்டரைத்தான் கேட்கிறார்கள், கட்டடத்தைக் கேட்கிறார்கள், அம்புலன்ஸ் கேட்கிறார்கள். மாணவர்களை அனுப்பு என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கோரிக்கைதான் முதலில் வைக்கப்பட வேண்டியது.

இலங்கையில் மருத்துவபீடத்தின் ஐந்து வருடப் படிப்பை முடித்த கையோடு ஒருவர் முழு டொக்டராகிவிடுவதில்லை. மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவை எடுத்துக்கொண்டு, சுகாதார அமைச்சு குறிக்கும் வைத்தியசாலையில் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் போன்றவற்றில் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு மாதம். யாருக்கு எந்த வைத்தியசாலை என்பதைத் திறமைப் பட்டியலில் உள்ள வரிசை தீர்மானிக்கிறது. பட்டியலின் தலைப்பக்கத்தில் இருப்பவர்கள் கொழும்பு, கண்டி என்று பெரிய போதனா வைத்தியசாலைகளைப் பிடித்துவிடுவார்கள். வவுனியாவும் கிளிநொச்சியும் பலருக்கு மிஞ்சியதில் கிடைத்தது. முதல் நாளே 'இங்கே வந்து மாட்டிக்கொண்டேன்' என்ற மனதோடு விடுதிக்குள் வரும் இளம் டொக்டரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து வருடத்தில் ஒரு கிழமை கூட அவருக்கு இந்த ஊரைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. வடக்கின் ஒரே மருத்துவபீடம் அதுதான். அதன் மாணவர்களின் விடுதிப் படிப்பில் பெரும்பகுதி யாழ் போதனா வைத்தியசாலையைச் சுற்றியே நடக்கிறது. அங்கிருந்து கிளிநொச்சி ஏ-9 வீதியில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர், வவுனியா 140. வன்னியின் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்தால் பரப்பளவில் யாழ் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வரும். 2012 குடிசன மதிப்பீட்டில் வவுனியாவில் ஏறத்தாழ 172,000 பேர், கிளிநொச்சியில் 113,000, முல்லைத்தீவில் 92,000. ஆட்கள் குறைவு, தூரம் கூட. ஒரு டொக்டரின் அறிவைச் சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் வடக்கில் இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கும் ஐந்து வீதத்தில் இந்த மூன்று மாவட்டங்களும் அடக்கம். அந்தக் கதவால் நுழைந்து மருத்துவபீடத்துக்குப் போகும் வன்னிப் பிள்ளையும் படிப்பு முடியும்வரை தன் மாவட்டத்து விடுதியில் நோயாளி ஒருவரைத் தொட்டுப் பார்க்காமலே டொக்டராகிவிடலாம்.

வன்னி விடுதியில் என்ன படிக்கலாம்? நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் மாணவர், விலாவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிவதைக் கண்டு திகைத்து நிற்கக்கூடும். கட்டிலில் இருப்பவர் பதறமாட்டார். "அது செல் துண்டு தம்பி, மாத்தளனில பட்டது. ஒரு கரைச்சலும் இல்லை, நீங்கள் இருமலைப் பாருங்கோ" என்பார். யுத்தம் முடிந்து பதினைந்து வருடம் தாண்டிய பிறகும் உலோகத்தை உடம்பில் சுமந்துகொண்டு வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் இந்த மாவட்டங்களில் வாழ்கிறார்கள். இவர்களில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எழுத முன் உடம்பில் எங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். காந்தப்புலத்தில் அந்தத் துண்டு அசையக்கூடும். கொழும்புப் பாடப்புத்தகத்தில் இது அடிக்குறிப்பு. முல்லைத்தீவில் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த வெள்ளைப் பொட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு அதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை திரும்பத் திரும்ப எறிகணைக்கு இலக்கானதைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அப்போதே வெளியே சொன்னது. வைத்தியசாலை அதன்பின் புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்குமாக இடம்பெயர்ந்து, கிடைத்த கட்டடங்களுக்குள் இயங்கியது. மருந்தும் இரத்தமும் போதாமல், கையில் எண்ணக்கூடிய அரச வைத்தியர்களும் தாதியரும் தொண்டர்களும் அங்கே நின்றார்கள். பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை செஞ்சிலுவைக் குழு கடல்வழியாக வெளியே கொண்டுபோன நோயாளிகளும் கூட வந்தவர்களுமாக 13,000 பேருக்கு மேல். கரையைத் தாண்டி வந்தவர்களின் பெரும் சுமை வவுனியா வைத்தியசாலையிலும் செட்டிகுளத்திலும் இறங்கியது. மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தார்கள். அந்த மாதங்களில் வவுனியாவில் வேலை செய்த தாதியர் சிலர் இன்னும் சேவையில் இருக்கக்கூடும். அவர்கள் ஓய்வுபெறுவதற்கு முதல் ஒரு மாணவர் கூட்டத்தை எதிரே உட்காரவைத்து, ஒரே நேரத்தில் நூறு காயக்காரர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது, யாருக்குக் கட்டில் கொடுப்பது, யாரைத் தரையில் கிடத்துவது என்று பேசச் சொல்லியிருக்கிறோமா?

சிறுநீரக நோய் இன்னொரு பாடம். காரணம் இன்னதென்று இன்னும் முடிவாகாத அந்த நாட்பட்ட நோய் 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் முதலில் கவனத்துக்கு வந்தது. வவுனியா மாவட்டமும் அதன் வளையத்துக்குள் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம் வரை இரத்தச் சுத்திகரிப்பு. அந்த நாலு மணித்தியாலத்துக்காக ஒருவர் விடிய எழும்பி, பஸ் பிடித்து, கூட வரும் மகளின் கூலி வேலையையும் கெடுத்துக்கொண்டு வருகிறார். டயலிசிஸ் இயந்திரத்தின் திரையில் இதெல்லாம் தெரியாது. ஊற்றுக் கிணற்றில் என்ன தண்ணீர், எந்த மருந்துக் கடையில் என்ன வாங்கிக் குடித்தார், வயலுக்கு என்ன அடித்தார் என்று வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து கேட்டால்தான் தெரியும். பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். ரஜரட்டப் பல்கலைக்கழகம் 2006இல் அனுராதபுரத்தில் மருத்துவபீடம் தொடங்கிய பிறகு, அந்த மண்ணின் பாம்புக்கடியும் சிறுநீரக நோயும் அங்கேயே ஆராய்ச்சிப் பொருளாகின. முன்னர் சொன்ன 2017 ஆய்வும் அப்படி வந்ததுதான். அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் ஒரு மணித்தியாலப் பயணம்.

மலேரியா காலம் போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுத்த காலத்தில் வன்னிக்கு வந்த டொக்டருக்கு முதல் வாரத்திலேயே பழகிப்போன நோய் அது. கடைசி உள்நாட்டு நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்தது. இப்போதைய மாணவர் மலேரியாவைப் படத்தில்தான் பார்க்கிறார். நல்லதுதான்.

மாணவரை அனுப்பலாம் என்றதும் எழும் முதல் மறுப்பு, 'அங்கே யார் படிப்பிப்பது?' என்பது. இதில் ஒரு முரண் இருக்கிறது. உள்ளகப் பயிற்சிக்கு டொக்டர்களை அனுப்புவதே நிபுணரின் மேற்பார்வை உள்ள பிரிவுகளுக்குத்தான். உயிரைக் கையில் வைத்திருக்கும் எச்.ஓ.வுக்குப் போதுமான மேற்பார்வை, பார்த்துப் பழக வரும் நாலாம் வருட மாணவருக்குப் போதாது என்பது எந்தக் கணக்கு? அடுத்த மறுப்பு, பெரிய வைத்தியசாலையை விட்டுப் போனால் பரீட்சையில் பின்தங்குவார்கள் என்பது. அவுஸ்திரேலியாவில் இதே பயம் இருந்தது. 1997இல் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களை முழுதாக ஒரு வருடத்துக்கு ரிவர்லாண்ட் என்ற ஆற்றங்கரை விவசாயப் பகுதிக்கு அனுப்பியது. சின்ன ஊர்கள், சின்ன வைத்தியசாலைகள், குடும்ப டொக்டர்கள். 2004இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் கணக்கு வந்தது: அப்படிப் படித்தவர்கள் பரீட்சையில் நகரத்து மாணவர்களுக்குப் பின்னால் போகவில்லை, அவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். காரணம் புரியாததல்ல. பெரிய வைத்தியசாலையில் நோயாளி ஒருவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாணவர், முன்வரிசையில் நிற்பவருக்கு மட்டும்தான் ஈரல் கைக்குப்படும். சின்ன இடத்தில் நோயாளிக்கு ஒரு மாணவர். வந்த நாளிலிருந்து வீடு போகும்வரை அவரே பார்க்கிறார்.

தமிழருக்குத் தெரிந்த உதாரணம் இன்னும் கிட்ட இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதல் வருடத்து மாணவர்களே கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போய்ப் படிக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் தம்மை அனுப்பிய அமைப்பின் வைத்தியசாலைகளில் இரண்டு வருடம் வேலை செய்யக் கடமைப்பட்டிருக்கிறார்கள். ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் இரண்டு மூன்று மாணவரை எடுக்கிறது. ஊருக்குத் திரும்பி ஒன்பது வருடம் சேவை செய்தால் படிப்புச் செலவு தள்ளுபடி. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: கிராமத்துப் பிள்ளைகளை எடு, தலைநகருக்கு வெளியே படிப்பி, படிக்கும்போதே கிராம விடுதிகளுக்கு அனுப்பு.

நம்முடைய ஆட்களுக்கு இது புதுசா என்ன? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், அடுத்த வருடமே மானிப்பாயில் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட டொக்டர்களை உருவாக்கினார். 1864இலிருந்து தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், ஊரில் நிற்க ஆள் வேண்டும் என்பது அவருடைய கவலை. அவர் தொட்ட கேள்வி இன்று விமான நிலையம்வரை நீண்டிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான டொக்டர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். போகிறவரைப் பிடித்து வைக்க முடியாது. இருக்கிறவர்களில் சிலருக்காவது வன்னி பழகிய இடமாக இருந்தால், கஷ்டப் பிரதேச நியமனக் கடிதம் வரும்போது அழைப்புக்கும் தண்டனைக்கும் நடுவில் ஏதாவது ஒன்றாக அது தெரியும்.

இப்போது இருக்கும் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதில் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. பெயர் பயிற்சி, நடப்பது வேலை. விடிய விடிய விடுதியில் நின்றுவிட்டு, காலையில் நிபுணர் சுற்றி வருவதற்கு முன் கட்டிலுக்குக் கட்டில் இரத்தம் எடுத்து, துண்டு எழுதி, றிப்போட் தேடி ஓடி, பிறகு ஏதாவது ஒன்று விடுபட்டதற்காக நோயாளிகளுக்கு முன்னால் ஏச்சு வாங்குவது எந்த நாட்டு எச்.ஓ.வுக்கும் தெரிந்த கதை. ஆள் குறைந்த இடத்தில் அது இரட்டிப்பாகும். வெட்டி ஒட்டிய வேலைப் பட்டியலுக்குள் படிப்பிக்க ஒரு மணித்தியாலம் கூட இல்லாவிட்டால், அந்த இடத்துக்கு இன்னும் மாணவரை அனுப்புவது இலவசக் கூலியாளை அனுப்புவது. ஆகவே முதல் நிபந்தனை மாணவருக்கு அல்ல, வைத்தியசாலைக்கு: கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் படிப்பித்தலுக்கு என்று நிபுணரின் நேரம் எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும், அதற்கு அவருக்குப் பல்கலைக்கழகப் பதவியோ கொடுப்பனவோ கிடைக்க வேண்டும். படிப்பிக்கும் வாய்ப்பு இருக்கிற இடத்தில் நிபுணர்களும் கொஞ்சம் கூட நாள் நிற்பார்கள் என்பது மேலதிக லாபம்.

தாதிய மாணவர்களின் நிலை இதைவிட அடங்கிய குரலில் பேசப்படுகிறது. வவுனியாவில் தாதியர் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் படிப்பில் விடுதிப் பயிற்சிதான் பெரும்பகுதி. வெள்ளைச் சீருடையில் கட்டில் விரிப்பை மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டும் அந்தப் பெண் பிள்ளையை ஒருநாள் விடுதியில் நின்று பார்த்தால் ஒன்று கவனத்தில் படும். நோயாளிகள் அவளிடம்தான் கதைப்பார்கள். டொக்டர் கேட்டபோது 'ஒண்டுமில்லை ஐயா' என்று சொன்ன கிழவர், அவர் போனபின் 'பிள்ளை, ராத்திரி நெஞ்சு அடைச்சது' என்பார். அந்தத் தகவல் எச்.ஓ.வின் காதுக்குப் போவதற்கு ஒழுங்கான வழி எத்தனை விடுதிகளில் இருக்கிறது? மருத்துவ மாணவரும் தாதிய மாணவரும் ஒரே விடுதியில் ஒரே நோயாளியை ஒன்றாக இருந்து படித்தால் அந்த வழி தானாகத் திறக்கும். இங்கே இரண்டு படிப்பும் இரண்டு அமைச்சு, இரண்டு கட்டடம், இரண்டு சாப்பாட்டு மேசை.

சிங்களப் பகுதிகளிலிருந்து வன்னிக்கு வரும் பயிற்சி வைத்தியருக்கு மொழி ஒரு தனி மலை. தாதி மொழிபெயர்த்து, நோயாளி பாதி விழுங்கி, எழுதுவது வேறொன்றாகிவிடும். தென்பகுதி வைத்தியசாலைக்குப் போகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அதே மலைதான், மறுபக்கத்தால். வன்னிக்கு வருவதற்கு முன் நாலு கிழமை பேச்சுத் தமிழ் படிப்பிப்பது பெரிய செலவல்ல.

மாணவரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நோயாளியை மறந்தால் எல்லாம் வீண். மகப்பேற்று விடுதியில் வலியோடு கிடக்கும் பெண்ணைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, அதற்குள் நாலு மாணவர் நிற்பது படிப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இலவச வைத்தியம் என்பதால் ஏழையின் உடம்பு பொதுச் சொத்தாகிவிடாது. 'அம்மா, நாங்கள் மாணவர்கள், பார்க்கலாமா? விருப்பமில்லாட்டி பரவாயில்லை' என்று கேட்பதும், இல்லை என்றால் முகம் சுழிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போவதும் விடுதியில் படிக்கவேண்டிய முதல் விஷயம். யுத்தத்தில் உடம்பை எத்தனையோ பேர் சோதனை செய்து பார்த்த ஒரு சமூகத்தில் இந்தக் கேள்விக்கு வேறிடத்தைவிடக் கனம் அதிகம்.

வைத்தியசாலைப் பயிற்சி என்றால் மருத்துவ மாணவர் மட்டும்தான் என்றில்லை. கிளிநொச்சி நகரத்துக்குச் சற்றுத் தெற்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பட்டப்படிப்புக்குள் கைத்தொழில் பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சிக்கு மாணவர்கள் கொழும்புக் கம்பனிகளைத் தேடி ஓடுகிறார்கள். பக்கத்திலேயே மாவட்டப் பொது வைத்தியசாலை. எந்த வைத்தியசாலையின் பின்பக்கத்துக்குப் போனாலும் இயங்காத உறிஞ்சு இயந்திரமும் இன்கியுபேற்றரும் மொனிற்றரும் தூசி படிந்து கிடப்பதைக் காணலாம். வசதி குறைந்த நாடுகளின் வைத்தியசாலைகளில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கிட்டிய உபகரணங்கள் பாவனையில் இல்லை என்று 2011இல் வந்த ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அதற்கு முந்திய வருடம், பதினொரு நாடுகளின் அறுபது வைத்தியசாலைகளில் வந்த பழுதுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் சுவாரசியமானது. வெளிநாட்டு உதிரிப்பாகம் இல்லாமல், அடிப்படையான நூற்றுச் சொச்சத் திறன்களை வைத்துக்கொண்டே பழுதுகளில் மூன்றில் இரண்டு பங்கைத் திருத்திவிடலாம். பியூஸ், பிளக், அடைபட்ட குழாய், செத்த பற்றறி, தவறாக வைத்த அமைப்பு. மூன்றாம் வருடப் பொறியியல் மாணவருக்கு ஆறு மாத வேலை இது, அதுவும் சம்பளக் கம்பனி எதுவும் கொடுக்காத வகையான வேலை: திருத்திய இயந்திரத்தில் அன்று மாலையே ஒரு குழந்தை படுத்திருக்கும்.

கட்டடங்கள் வராமலில்லை. நெதர்லாந்து உதவியோடு வடக்கின் வைத்தியசாலைகளில் பெரிய வேலைகள் நடந்தன. கிளிநொச்சியில் பெண்கள் நலத்துக்கான சிறப்பு நிலையம் 2024 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. இந்தியாவின் நன்கொடையில் வந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. வீட்டு வாசலிலிருந்து வைத்தியசாலை வாசல்வரை வருவதற்கு வழி கிடைத்துவிட்டது. வாசலுக்கு உள்ளே யார் நிற்கிறார் என்பதற்குக் கொன்கிறீட் பதில் சொல்லாது. புதிய கட்டடம் ஒவ்வொன்றிலும் ஒரு தளம் படிப்புக்கென்று, விரிவுரை அறையும் சிறு நூலகமும் மாணவர் தங்குமிடமுமாகத் திட்டத்திலேயே இருந்திருந்தால் கதை வேறு. இனியாவது வரைபடம் மேசைக்கு வரும்போது அதைக் கேட்க ஒருவர் வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பது சிக்கலான கேள்விதான். மருத்துவபீடம் பல்கலைக்கழகத்தின் கையில், உள்ளகப் பயிற்சி நியமனம் கொழும்பு அமைச்சின் கையில், வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகள் மாகாணத்தின் கையில். மூன்று தரப்பும் ஒரு மேசையில் இருக்காமல் ஒன்றும் நகராது. ஆனால் பெரிய சட்டத் திருத்தம் தேவையில்லை. நாலாம் வருடத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மாதம் வன்னி என்று பீடத்தின் கால அட்டவணையில் எழுதுவது ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா மூன்றிலும் உள்ள நிபுணர்களுக்கு வருகை விரிவுரையாளர் நியமனம் கொடுப்பது இன்னொன்று. பிளிண்டர்ஸ் செய்தது போல முதலில் எட்டுப் பேரோடு தொடங்கலாம். அந்த எட்டில் இரண்டு மூன்று பேராவது வன்னிப் பாடசாலைகளில் உயர்தரம் படித்தவர்களாக இருக்கட்டும்.

தங்குமிடத்தில்தான் இப்படியான திட்டங்கள் வழக்கமாக விழுந்து படுக்கும். இன்று மருத்துவபீடங்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். மாஞ்சோலையில் இரவு பத்து மணிக்கு விடுதிக்கு அழைப்பு வந்தால் அவர்கள் முச்சக்கர வண்டிக்காக வீதியில் நிற்க முடியாது. வைத்தியசாலை வேலிக்குள்ளேயே, நாலு அறை, குழாய்த் தண்ணீர், மின்பிறப்பாக்கி இணைப்பு, பூட்டக்கூடிய படலை, சமைக்க ஒரு ஆள் என்று ஒரு வீடு வேண்டும். மாகாண சுகாதார அமைச்சின் அடுத்த வருட வரவுசெலவில் எழுதத் தொடங்கவேண்டிய வரி அதுதான்.